நல்லாத்தானே ஓடுது

லோரி ஏழே முக்காலுக்கே வந்துவிட்டது. பால் ஒன்பது மணிக்குத்தான் பொங்க வேண்டும்.

பகாவ் கோயில் ஐயர் நேரம் குறித்துக் கொடுத்த தாள் அம்மாவின் கைப்பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகு காலம். முதலில் சாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி உள்ளே போகும். பிறகு அடுப்பு. பால் பொங்கி வழிந்த பிறகே மற்ற சாமான்கள் வாசலைத் தாண்டலாம். அம்மா ஒரு வாரமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புது வீடு சிரம்பான் பக்கத்து மம்பாவில், ஒரு மூலை வீடு, வாடகைக்கு எடுத்தது. பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே வந்தோம். எல்லாம் அப்பாவுக்காக. இருபத்தாறு வருடம் ரப்பர் ஆலையின் புகைக்கூடத்தில், ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்தும் வேலை செய்தவர். நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. போன வருடம் மட்டும் நான்கு முறை சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசி முறை இருபத்து மூன்று நாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த இரண்டு பேர் அந்த இருபத்து மூன்று நாளில் இறந்துபோனார்கள். வீட்டுக்குத் திரும்பிய அன்று அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பாஞ்சால, இனிமே நான் வார்டுல படுக்க மாட்டேன். எது நடந்தாலும் என் வீட்டுல நடக்கட்டும்."

டாக்டர் அதற்குச் சம்மதித்தார். இரண்டு நிபந்தனைகள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் மெசின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மெசின் முன்பே இருந்தது. சக்கரம் வைத்த ஒரு பெட்டி, என் முழங்காலைவிடக் கொஞ்சம் உயரம். அறையில் இருக்கும் காற்றை உள்ளே இழுக்கும். நைட்ரஜனைப் பிடித்து நிறுத்திக்கொண்டு ஆக்சிஜனைக் குழாயில் அனுப்பும். பச்சை விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் சரியாக வருகிறது என்று பொருள். நாள் முழுவதும் பழைய தையல் மெசின் மாதிரி சத்தம் போடும்.

"அது சத்தம் போட்டா தூங்குறாரு. நான் சத்தம் போட்டா கோச்சுக்குறாரு," என்பார் அம்மா.

"அது திட்டாதுல்ல," என்பார் அப்பா.

மெசினைக் காரிலேயே கொண்டுவந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். எங்களுடையது பழைய கஞ்சில், சின்னக் கார். முன்னால் அப்பா, அவர் கால்களுக்கு நடுவே பயணத்துக்கான சிறிய சிலிண்டர். பின்னால் அம்மா, மடியில் குடம், பக்கத்தில் சாமி படங்கள், அடுப்பு, பால், அரிசி. மாற்றுச் சிலிண்டர் பின்பெட்டியில். மெசினுக்கு இடமில்லை. கடைசி இரவுக்கு ஒரு பெரிய சிலிண்டரை வாடகைக்கு எடுத்தோம், அது காலையோடு தீர்ந்தது. முதல்நாள் மாலை லோரி கம்பெனி ஆட்கள் சாமான் ஏற்ற வந்தபோது, மெசினைப் போர்வையில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அதைப் படுக்க வைக்கக்கூடாது. பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி வரைந்தேன். மலாயிலும் எழுதினேன். டிரைவர் அண்ணனிடம் வாயால் சொல்லவில்லை. எழுதியிருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

லோரியின் பின்கதவைத் திறந்தபோது அந்தப் பெட்டி மெத்தைக்கு அடியில் கிடந்தது. அம்புக்குறி பக்கத்து வீட்டைக் காட்டியது.

நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

"உள்ள எறக்கிடலாமா?" என்று டிரைவர் கேட்டார்.

"இன்னும் பால் காச்சல தம்பி. ஒம்பதுக்கு மேலதான் உள்ள," என்றார் அம்மா.

"ஒம்பதா? எனக்கு ஒம்பதுக்கு செனவாங்ல இன்னொரு வீடு இருக்கும்மா."

அம்மா காரைத் திரும்பிப் பார்த்தார். அப்பா கண்ணாடியை இறக்கி, மூச்சை எடுத்து எடுத்துப் பேசினார். "வாசல்லயே எறக்கிட்டுப் போங்க தம்பி. நாங்க உள்ள எடுத்து வச்சிக்கிறோம். அங்கயும் ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்கும்ல."

அப்படித்தான் நடந்தது. கட்டில், பீரோ, ஐஸ்பெட்டி, மெத்தை, பதினாறு அட்டைப்பெட்டிகள், எல்லாம் கார் நிறுத்தும் இடத்தில் இறங்கின. மெசின் பெட்டியை ஒருவர் இடுப்பில் அணைத்துக் குதித்து இறங்கினார். இறக்கி வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய் அதை நிமிர்த்தி வைத்தேன்.

டிரைவர் தாளை நீட்டினார். பொருள்கள் அனைத்தும் நல்ல நிலையில் பெறப்பட்டன என்று மலாயில் அச்சடித்திருந்தது. கீழே பெயர், கையெழுத்து, நேரம்.

"பிரிச்சுப் பாத்துட்டு…" என்று தொடங்கினேன்.

"ஏய், பால் பொங்கறதுக்கு முன்னாடி சாமான பிரிக்காத," என்றார் அம்மா.

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அவசரப்படுத்தவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்டேன். நேரம் எட்டு பத்து என்று எழுதினேன்.

பால் ஒன்பது இருபதுக்குக் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அம்மா கும்பிட்டு அழுதார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரை நடந்து வந்து, நாங்கள் முதலில் உள்ளே கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மூடி பால் குடித்தார். "சீனி கம்மி," என்றார்.

பிறகு மெசினைப் பிரித்தேன். கீழ்மூலையில் பிளாஸ்டிக் விரிந்திருந்தது. செருகியை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். சத்தம் வந்தது. குழாயில் காற்று வந்தது. அப்பா சிரித்தார்.

ஐந்து நிமிடம் கழித்துப் பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் எரிந்தது.

அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் மஞ்சள். அப்பாவின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டினேன். எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு. அவருக்கு வழக்கமாகத் தொண்ணூற்றிரண்டு இருக்கும். மெசினின் குழாயைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரின் குழாயை மாட்டினேன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"காத்து வருதுப்பா. ஆக்சிஜன் வரல."

மெசின் வாங்கிய கோலாலம்பூர் கடைக்கு ஃபோன் செய்தேன். கொண்டுவந்து கொடுங்கள், உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், உதிரிபாகம் வர நான்கு வாரம் ஆகும், இரவல் கொடுக்க மெசின் இல்லை என்றார்கள். அதன்பிறகு லோரி கம்பெனிக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். விரிந்த மூலையின் படம், மஞ்சள் விளக்கின் படம். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. பொருளை சுங்கை காடுட் ஆபீசுக்குக் கொண்டுவரவும், பத்தரைக்கு மேனேஜர் இருப்பார்.

"போயிட்டு வந்துருவோம். நம்ம ஆளுதான் மேனேஜரு. பேசினா கேப்பாங்க. ஒரு மெசின வாடகைக்காச்சும் எடுத்துக் குடுக்கச் சொல்லுவோம்," என்றார் அப்பா.

"நீங்க வீட்டுல இருங்க."

"வீட்டுல என்னத்த இருக்கறது. மூச்சு அங்கதான இருக்கு." மெசினைக் காட்டினார்.

அவரைத் தனியாக விடவும் முடியாது. அம்மா ராகு காலத்தில் கிளம்பக்கூடாது என்றார். ஆனாலும் பின்னால் ஏறி, மெசினை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். காலையில் குடம் இருந்த இடம்.

ஆபீஸ் ஒரு கிடங்கின் முன்பகுதி. மேனேஜர் பதினொன்று நாற்பதுக்கு வந்தார். சத்தியசீலன் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது. நாற்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார். எங்களுக்கு மூன்று டப்பா சோயா பால் கொண்டுவரச் சொன்னார். அப்பாவை ஆபீஸ் வாசலில் நிறுத்திய காரிலேயே உட்கார வைத்திருந்தேன். ஒரு சிலிண்டர் தீர்ந்து, இரண்டாவதை மாட்டியிருந்தேன்.

"சொல்லுங்க தங்கச்சி."

வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். மூன்று வாக்கியம் சொன்னேன். மூன்றாவதில் திக்கினேன். மிச்சத்தை அம்மா சொன்னார்.

சத்தியசீலன் மெசினை மேசைக்குப் பக்கத்தில் வைத்துச் செருகியை மாட்டினார். அது ஓடியது. குழாயின் முனையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து முனைக்கு நேராகப் பிடித்தார். தாள் படபடத்தது.

"நல்லாத்தானே ஓடுது," என்றார். இன்னொரு கையால் ஃபோனில் படம் பிடித்தார்.

"மஞ்சள் வெளக்கு எரியுதுண்ணே."

"ஃபில்டர் அழுக்கா இருக்கும். எங்க வீட்டு ஏர்கோன்லயும் இப்படித்தான் எரியும்."

"அது வெறும் காத்து. இந்த ரூம்ல இருக்கற அதே காத்து. ஆக்சிஜன் பிரியல. உள்ள ரெண்டு உருளை இருக்கு, மணி மணியா ஒரு பொருள் அடைச்சிருக்கும், அது நைட்ரஜன…" அவர் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தினேன்.

"தங்கச்சி, நீங்க படிச்சவங்க. சரியாத்தான் சொல்லுவீங்க. ஆனா எனக்குத் தெரியணும்ல. நான் எத வச்சி மேல எழுதுறது?" டிரைவருக்கு ஃபோன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். "டேய், இன்னிக்கு மம்பாவ்ல வீடு மாத்துற ஜோப். அட்டைப்பெட்டில ஒரு மெசின். எப்படி வச்சீங்க?"

"நேராத்தாண்ணே வச்சோம். அம்பு போட்டிருந்துச்சே," என்றது குரல்.

"படுக்க வச்சிருந்தாங்க," என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப ஏன் அங்கயே சொல்லல?"

அவர் நான் கையெழுத்திட்ட தாளை மேசைமேல் வைத்தார். என் எழுத்து அழகாக இருந்தது.

"எட்டு பத்துக்கு எல்லாம் ஓகேன்னு சைன் வச்சிருக்கீங்க. படம் அனுப்புனது பத்து மணிக்கு. நடுவுல ரெண்டு மணி நேரம் சாமான் வெளியில கெடந்திருக்கு. ஏன் உள்ள எடுக்கல?"

"பால் காச்சணும்ல தம்பி," என்றார் அம்மா. "உங்க வீட்டுலயும் அப்படித்தான செய்வீங்க?"

"எங்க வீட்டுலயும் அதான்மா. எனக்குப் புரியுது. எங்க மொதலாளி, போஸ், சீனன். அவருக்கு இத எப்படி நான் எழுதுவேன், சொல்லுங்க. பால் பொங்கலன்னு எழுதவா?" அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"எழுதுங்க, அதான நடந்துச்சு," என்றார் அம்மா.

அவர் தலையைச் சொறிந்தார். "இது கெட்டுப் போயிருக்குன்னு என் கண்ணால பாக்கணும். அப்பதான் ஏதாச்சும் பேச முடியும்."

கெட்டுப் போயிருப்பதைக் காட்ட என்னிடம் கருவி இல்லை. நான் படித்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஆக்சிஜன் அளக்க ஒரு கருவி இருந்தது. இங்கே விரல் கிளிப் மட்டும்தான். அதை என் விரலில் மாட்டி அந்தக் குழாயை மூக்கில் வைத்தால் தொண்ணூற்றெட்டு காட்டும். சத்தியசீலன் விரலிலும் அதே தொண்ணூற்றெட்டு. நல்ல நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியாது.

கதவு திறந்தது. அப்பா நின்றார். சிலிண்டரைக் கையில் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்து வந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"எனக்கு மாட்டிப் பாருங்க தம்பி," என்றார். "நான்தான் மீட்டரு."

"அங்கிள், அதெல்லாம் வேணாம்…"

"நீங்க கண்ணால பாக்கணும்னு சொன்னீங்கல்ல. வெளிய கேட்டுச்சு."

"வேணாம்ப்பா," என்றேன்.

"ரெண்டு நிமிசம்மா. இது முடிஞ்சா வீட்டுக்குப் போயிரலாம்ல."

அவரை உட்கார வைத்தேன். பத்து நிமிடம் ஓய்வெடுக்கட்டும் என்றேன். கிளிப்பை மாட்டினேன். சிலிண்டரில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஓட்டம். தொண்ணூற்றொன்று. எல்லோரும் பார்க்கும்படி அவர் கையை மேசைமேல் வைத்தேன். பிறகு சிலிண்டர் குழாயை எடுத்துவிட்டு மெசின் குழாயை மாட்டினேன். அதே இரண்டு லிட்டர்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. சத்தியசீலன் என்னைப் பார்த்தார். பிறகு எண்பத்தொன்பது. அப்பா நேராக உட்கார்ந்து, சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழு. அவர் தோள்கள் ஏறி இறங்கத் தொடங்கின. எண்பத்தைந்து. அம்மா "போதும்" என்றார். அப்பா விரலை உயர்த்தி இரு என்று காட்டினார். எண்பத்து நான்கு. கிளிப் சத்தம் போட்டது. எண்பத்திரண்டு.

நான் குழாயைப் பிடுங்கிவிட்டுச் சிலிண்டரை மாட்டினேன். எண்பத்திரண்டு. எண்பத்து மூன்று. எண்பத்தாறு. மூன்று நிமிடத்தில் தொண்ணூறு.

நான் படித்த எந்தப் பரிசோதனையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அதே ஆள், அதே நாற்காலி, அதே அளவு. மாற்றியது குழாயை மட்டும்.

சத்தியசீலன் எழுந்து நின்றிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. அப்பாவுக்குச் சோயா பால் டப்பாவைத் திறந்து கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அங்கிளுக்கு ரொம்ப முடியலன்னு தெரியுது. ஆனா தங்கச்சி, இது அங்கிளோட நோயின்னு போஸ் சொல்லுவாரு. நான் டாக்டர் இல்ல. மெசின் கடையில லெட்டர் வாங்கிட்டு வாங்க, லோரிலதான் ஒடஞ்சதுன்னு. நான் மேல அனுப்புறேன்."

"லோரில ஒடஞ்சதுன்னு கடைக்காரனுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அதான் நானும் கேக்குறேன்," என்றார்.

அப்பா எழுந்தார். "சரி தம்பி," என்றார். "சாமான் எறக்குன பையன்கள திட்டாதீங்க. அவசரத்துல வச்சிருப்பானுங்க."

கார் வரை நடக்க அவர் இரண்டு முறை நின்றார். சத்தியசீலனே மெசினைத் தூக்கிவந்து அம்மாவிடம் கொடுத்தார். நேராக, மிகவும் கவனமாக வைத்தார்.

சிலிண்டரின் முள் சிவப்புக்கு அருகில் இருந்தது. நேரம் பன்னிரண்டு நாற்பது. சிரம்பானில் சிலிண்டர் நிரப்பும் கடை வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பன்னிரண்டரைக்கு மூடி, மூன்று மணிக்குத்தான் திறக்கும். காலையில் நேராக அங்கே போயிருந்தால் இரண்டும் நிறைந்திருக்கும். நான் கம்பெனி வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

"ப்பா, மூச்சு எப்படி இருக்கு?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கிளிப்பில் எண்பத்தாறு. சிலிண்டர் இருந்தும் எண்பத்தாறு. பரிசோதனை அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தது, அதைத் திருப்பித் தரவில்லை.

ராசா சாலைச் சந்திப்பில் இடது பக்கம் திரும்பினால் வீடு. நான் நேராகப் போனேன். அப்பா அதைப் பார்த்தார். என் கையைத் தொட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கையை அப்படியே வைத்திருந்தார். நான் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தினேன்.

சாயங்காலம் வார்டுக்கு மாற்றினார்கள். போன முறை இருந்த அதே ஏழாவது வார்டு. வேறு கட்டில்.

திங்கட்கிழமை காலை பெண் டாக்டர் ஒருவர் வந்து அவரது கோப்பைப் பார்த்தார். ஆக்சிஜன் தேவை நான்கு லிட்டரிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டது, நன்றாகத் தேறுகிறார் என்றார். வீட்டுக்கு எப்போது என்று அம்மா கேட்டார்.

"வீட்டில் மெசின் இருக்கிறதா?" என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

"இருக்கு. ஆனா…" அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"அப்படியானால் மெசின் வரட்டும்," என்றார் டாக்டர். மெசின் இரவல் கொடுக்கும் சங்கத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தார். வராந்தாவுக்குப் போய் அழைத்தேன். எங்களுக்கு முன் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள் என்றார்கள். பெயரைப் பதிந்துகொண்டார்கள்.

திரும்பி வரும்போது ஃபோனில் லோரி கம்பெனியின் பதில் இருந்தது. மலாயில், நாகரிகமாக. நடந்ததற்கு வருந்துகிறோம். எங்கள் சோதனையில் இயந்திரம் இயங்கியது. சான்றாகக் காணொளி இணைக்கப்பட்டுள்ளது. நான் அதைத் திறந்தேன். மெசினின் சத்தம், படபடக்கும் டிஷ்யூ தாள், "நல்லாத்தானே ஓடுது". பதினான்கு விநாடி. அப்பா அதில் இல்லை.

பதில் எழுதத் தொடங்கினேன். எண்பத்திரண்டு என்று எழுதினேன். அதைப் படிப்பவருக்கு அது வெறும் எண். அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்பினேன். படித்துவிட்டதைக் காட்டும் இரண்டு நீலக் குறிகள் வந்தன. வேறு எதுவும் வரவில்லை.

மத்தியானம் அம்மா கஞ்சி ஊட்டினார். அப்பா பாதியில் போதும் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"புனிதா. வீடு எப்படிம்மா இருக்கு? நான் ஹால மட்டும்தான பாத்தேன்."

"ரெண்டு ரூம்ப்பா. பின்னால துணி காய வைக்க எடம் இருக்கு."

"எனக்கு எந்த ரூம்?"

"முன் ரூம். கட்டில ஜன்னல் பக்கம் போட்டுட்டோம்."

"மெசினுக்கு ப்ளக் கிட்டக்க இருக்கா?"

"இருக்குப்பா. தலமாட்டுலயே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"அப்ப சரி லா," என்றார்.